சீட்டு கிடைச்சிடுச்சு

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் கால் பிரேக்கைத் தேடும். டீச்சரம்மாவுக்கு அது கொஞ்சம் முற்றிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மிதிப்பார், பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் மிதிப்பார். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் டீச்சரம்மாவின் காலடியில் இன்னொன்று. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த இரண்டாவது பிரேக்கை வைத்துத்தான் தெருவில் பலபேருடைய உயிரையும் காய்கறிக் கடையின் முன்பக்கத்தையும் காப்பாற்றி வந்திருக்கிறார்.

காலுக்கு இருந்த பிரேக் வாய்க்கு இல்லை. அவருடைய வாழ்க்கையில் நடந்த நல்லது கெட்டது எல்லாமே அதனால் வந்ததுதான்.

அவருடைய வீட்டுக்காரர் நேர் எதிர். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த எண்ணையும் இரண்டு தடவை பார்க்காமல் எழுதாத மனிதர். பேச்சும் அப்படித்தான். டீச்சரம்மா மூச்சு விடாமல் பேசி முடித்த பிறகு இவர் ஒன்று சொல்வார். பெரும்பாலும் அது ஒரு கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்வி டீச்சரம்மாவுக்குப் பிடிக்காததாகவும் இருக்கும்.

இவர்களுக்கு ஒரே பெண். முப்பதைத் தொட இன்னும் கொஞ்ச நாள்தான், ஆனாலும் தெருவுக்கே அவள் பாப்பா. ஒரு ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தியதே தெரியாது என்று பெயர் வாங்கியவள். "பாப்பா இருக்குதா? இல்லைன்னா நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போகிறவர்கள்கூட உண்டு. பரிசோதனை முடிவை வாங்கும்போது அவர்கள் அவள் முகத்தையே பார்ப்பார்கள். "இதுல என்னம்மா போட்டிருக்கு, பயப்படற மாதிரியா?" என்பார்கள். பாப்பாவுக்குத் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. "டாக்டர் சொல்லுவாங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிற்று.

ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டாள். டீச்சரம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்ப நீயே டாக்டருக்குப் படிச்சிட வேண்டியதுதானே" என்றார். பாப்பா சிரித்தாள். அடுத்த வாரம் பழைய புத்தகக் கடையிலிருந்து இரண்டு பை நிறையப் புத்தகம் வந்து இறங்கியது.

அன்றிலிருந்து டீச்சரம்மாவின் வாய் ஓயவில்லை. "எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று பேக்கரியில் சொன்னார், சலூன் வாசலில் சொன்னார், சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரின் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார். சொல்வதற்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு இடத்துக்கு ஊரே முட்டிமோதுகிற படிப்பு அது. எழுத்துத் தேர்வில் பாப்பா புலி. நேர்காணல் அறைக்குள் போனால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. இந்த வருஷம் மூன்று கல்லூரிகள் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தன. "இதுதான்மா கடைசி. இதுக்கு மேல என்னால முடியாது" என்று பாப்பா சொல்லிவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் அவளை மேற்பார்வையாளராக்கக் காத்திருந்தார்கள். நாற்காலி, மேசை, தனி அறை எல்லாம் தயார். அவள் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

டீச்சரம்மா விடுவாரா? நேர்காணலுக்கு அவர் ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். பாப்பா பயிற்சிக் காரின் பின் இருக்கையில் உட்கார வேண்டும். ஓட்டப் பழகுகிறவர் ஓட்டிக்கொண்டே கேள்வி கேட்க வேண்டும். பாப்பா பதில் சொல்ல வேண்டும்.

"உயிர் பயத்துல பதில் சொல்லிப் பழகிட்டா, இன்டர்வியூ எல்லாம் ஜுஜுபி" என்றார்.

அந்தச் சமயம் அவரிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நடுங்குகிற மனிதர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தானே நடுங்குவார். லைசன்ஸ் தேர்வில் பலமுறை தோற்று, தேர்வு எடுக்கிற அதிகாரியின் வீட்டு விசேஷத்துக்குப் போகிற அளவுக்கு அவருடன் பழகிவிட்டார். ஆனால் கேள்வி கேட்கச் சொன்னதும் ஆளே மாறிப்போனார். இத்தனை வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவர் அல்லவா.

"ஒரே ஒரு பெட்டு இருக்குது. ரெண்டு நோயாளி. யாருக்குக் கொடுப்பீங்க?" என்று கண்ணாடியில் பாப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ரோட்டைப் பாருங்க சார்" என்றார் டீச்சரம்மா.

"ரெண்டு பேருக்கும் என்னன்னு முதல்ல..." என்று பாப்பா ஆரம்பித்தாள்.

"யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்குத்தான். இது ஒரு கேள்வியா?" என்றார் டீச்சரம்மா, பிரேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டு.

இப்படியே தினமும் நடந்தது. கேட்பது கணக்கு சார், பதில் சொல்வது டீச்சரம்மா, பின்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பது பாப்பா. ஒருநாள் சாயங்காலம் இதையெல்லாம் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தன் பங்குக் கேள்வியைக் கேட்டார்.

"இன்டர்வியூக்கு யாரு போறது? நீயா, அவளா?"

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஏதோ வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். 'டாக்டருக்குப் படி' என்று முதலில் சொன்னது யார்? தான்தானே. பாப்பா சிரித்தாள், அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் தானாகவே ஓடியது. அவள் நிஜமாகவே ஆசைப்படுகிறாளா, இல்லை அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாளே என்பதற்காக ஓடுகிறாளா? கேட்டுவிடலாம். கேட்டு, "உனக்காகத்தான்மா" என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? உலகத்தில் யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காத டீச்சரம்மாவுக்குத் தன் பெண்ணிடம் இந்த ஒன்றைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது கல்லூரியின் நேர்காணலுக்குப் பாப்பா தனியாகத்தான் போனாள். முதல் கல்லூரியில் நேர்காணல் முடிந்து, முடிவு இந்த வாரத்தில் எந்த நாளும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் பஸ்ஸில் கூட்டமான கூட்டம், நின்றுகொண்டே போனாள்.

மத்தியானம் கணக்கு சார் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவின் போன் அடித்தது.

"அம்மா, சீட்டு கிடைச்சிடுச்சு" என்றாள் பாப்பா. பின்னால் ஒரே இரைச்சல். "வீட்டுக்கு வந்து பேசறேன்." அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

சீட்டு என்பது பொல்லாத சொல். ஓட்டலில் சாப்பாட்டுக்கு வாங்குவதும் சீட்டு, விளையாடுவதும் சீட்டு, வேலை போனாலும் சீட்டுக் கிழிந்தது என்கிறோம். ஆனால் வீட்டில் ஒரு பெண் மூன்று வருஷமாக டாக்டர் படிப்புக்கு முட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

டீச்சரம்மா பக்கத்து இருக்கையிலிருந்து அப்படியே சாய்ந்து ஹாரனை அழுத்தினார். 'தேவையில்லாம ஹாரன் அடிக்கிறவன் மனுஷனே இல்ல' என்று தன்னிடம் படித்த அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். கணக்கு சார் பயந்துபோய் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"வண்டிய எடுங்க சார். எம்பொண்ணுக்கு சீட்டு கிடைச்சிடுச்சு."

அன்று கணக்கு சார் ஓட்டியதுபோல அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் நிறுத்தினார், எடுத்தார், நிறுத்தினார். டீச்சரம்மா தலையை வெளியே நீட்டிச் செய்தி சொன்னார். சலூன்காரர் ஒரு பக்கம் மட்டும் மழித்திருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். மாடி வீட்டு அக்கா மேலிருந்தே, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். அவள் அன்றைக்கு என்ன சொன்னாள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பேக்கரிக்காரர் யாருடைய பிறந்தநாளுக்கோ செய்து வைத்திருந்த கேக்கிலிருந்து எழுத்தை வழித்தெடுத்துவிட்டு, 'டாக்டர் பாப்பா' என்று எழுதினார். க்ரீம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் பொடிசாகப் போயிற்று.

வீட்டுக்காரர் செய்தியைக் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு வழக்கம்போல இரண்டாவது தடவை யோசித்தார்.

"எந்தக் காலேஜ்ல?"

"அது... கேக்கல. லைன் போயிடுச்சு."

"திரும்பப் போட்டுக் கேக்கறதுதானே."

"எடுக்க மாட்டேங்கறா. நல்ல நாளும் அதுவுமா உங்களுக்குக் கேள்வியாலதான் விடியும்" என்று அவரையும் இழுத்துக்கொண்டு டீச்சரம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பாப்பா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பாதித் தெரு அங்கே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் கேக்கை நீட்டினார். பாப்பா அதிலிருந்த எழுத்தைப் படித்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சந்தோஷம் ஏறியதை டீச்சரம்மா பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது பாப்பாவுக்கு.

"நிஜமாவாம்மா? மெயில் வந்துடுச்சா?"

"என்னைக் கேக்கற? நீதானேடி சொன்ன?"

"நானா?"

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. வீட்டுக்காரர்தான் மெதுவாகக் கேட்டார். "பாப்பா, போன்ல அம்மாகிட்ட என்னம்மா சொன்ன?"

"சீட்டு கிடைச்சிடுச்சுன்னு சொன்னேன்பா. காலையில நின்னுக்கிட்டே போய்க் கால் ரெண்டும் போச்சு. வரும்போது சீட்டு கிடைச்சிடுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஜன்னலோரம்" என்றாள்.

டீச்சரம்மாவின் கால் தரையை ஓங்கி மிதித்தது. மிதித்து என்ன பயன், வண்டி எப்போதோ மோதியாகிவிட்டது.

முதலில் சிரித்தது பாப்பாதான். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சலூன்காரர் சிரித்தார், பாதி மழித்த முகத்தோடு அவருடைய வாடிக்கையாளர் சிரித்தார். பேக்கரிக்காரர் கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக மறுத்துவிட்டார். "சந்தோஷத்துக்கு அட்வான்ஸ்னு வெச்சுக்க பாப்பா. சீட்டு அப்புறம் வரட்டும்" என்று கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

டீச்சரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கேயாவது போய் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கணக்கு சார் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காருக்குள் நேராகப் போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பாப்பா கையில் கேக் துண்டோடு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடும்மா. நல்லாருக்கு."

"நாலு பேர் முன்னாடி உன்னை இப்படி நிக்க வெச்சுட்டேனே" என்றார் டீச்சரம்மா. "எல்லாம் என் வாய்தான். என் ஆசைய உன் தலையில கட்டி, உன்னை ஓட ஓட விரட்டிட்டேன். வேணாம்டி. உனக்குப் பிடிக்கலைன்னா எதுக்கும் போக வேணாம்."

பாப்பா விரலில் ஒட்டியிருந்த க்ரீமை நக்கி முடித்தாள். பிறகு சொன்னாள்.

"இன்னைக்கு இன்டர்வியூ சொதப்பிடுச்சும்மா. ஏன் டாக்டர் ஆகணும்னு கேட்டாங்க. வார்த்தையே வரல. பஸ்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன், லேப்ல சரின்னு சொல்லிடறதுன்னு. மூணாவது காலேஜுக்குப் போக வேணாம்னு. இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் வழி முழுக்க யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

டீச்சரம்மா தலையை ஆட்டினார். "சரி. அப்படியே பண்ணு."

"முழுசாக் கேளும்மா. பஸ்ஸ விட்டு இறங்கினேன், எல்லாரும் கைதட்டினாங்க. ஒரு நிமிஷம் நிஜம்னு நம்பிட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதுக்கு முன்னாடி எனக்கே தெரியாது, எனக்கு இது இவ்வளவு வேணும்னு. உனக்காகப் போறேனோன்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. இல்லம்மா. எனக்கே வேணும்."

டீச்சரம்மா கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். அழுகையும் கேக்கும் ஒரே நேரத்தில் வந்தால் தொண்டையில் என்ன ஆகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். பாப்பா முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் டீச்சரம்மா கடை கடையாகப் போய்ச் செய்தியைத் திரும்ப வாங்கப் பார்த்தார். யாரும் கொடுக்கவில்லை. "வாழ்த்தினது வாழ்த்தினதுதான், அதெல்லாம் வாபஸ் கிடையாது" என்றார் சலூன்காரர். ஆனால் கிண்டலுக்குக் குறைவில்லை. யாருக்கு எந்த நல்லது நடந்தாலும், "எந்த பஸ்ல?" என்று கேட்பது தெருவில் வழக்கமாகிவிட்டது. மாடி வீட்டு அக்காவின் மருமகனுக்கு வேலை கிடைத்தபோதும் அதையேதான் கேட்டார்கள்.

முதல் கல்லூரி, வருந்துகிறோம் என்றது. இரண்டாவதும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னது. பாப்பா ஆய்வுக்கூடத்தில் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு மூன்றாவதற்குத் தயாரானாள். மறுபடியும் அதே கார், அதே கணக்கு சார். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. டீச்சரம்மா வாயில் ஒரு பெரிய மிட்டாயைப் போட்டு அடக்கிக்கொண்டார்.

"ஏன் டாக்டர் ஆகணும்?" என்று கணக்கு சார் கேட்டார்.

பின் இருக்கையில் பாப்பா வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தாள். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார் டீச்சரம்மா. பதில் அவர் நாக்கு நுனியில் துடித்தது. கடித்து விழுங்கினார்.

"முடிவைக் கையில கொடுக்கும்போது எல்லாரும் என் முகத்தைத்தான் பாப்பாங்க" என்று பாப்பா மெல்ல ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. அவங்க பயத்தோடயே திரும்பிப் போவாங்க. பக்கத்துல உக்காந்து, கையப் பிடிச்சு, இதுதான் விஷயம், இதுக்கு இதைச் செய்யலாம்னு சொல்ற ஆளா நான் இருக்கணும். எனக்கு அது தெரியணும், சரியாத் தெரியணும்." அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. தெரு முனை வந்து, திரும்பி, மறு முனை வரைக்கும் பேசினாள். கணக்கு சார் வண்டியை நிறுத்திவிட்டு, "நூத்துக்கு நூறு" என்றார். அவர் அதற்கு முன் யாருக்கும் அதைக் கொடுத்ததில்லை.

மூன்றாவது நேர்காணல் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு காலைநேரம், பயிற்சிக் காரின் முன்னால் யாரோ ஓடிவந்து கையை நீட்டி நின்றார்கள். கணக்கு சாரும் டீச்சரம்மாவும் ஒரே சமயத்தில் மிதித்தார்கள். பார்த்தால் பாப்பா. ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டோடு, மூச்சு வாங்க, கையில் போன்.

"அம்மா, கிடைச்சிடுச்சு."

டீச்சரம்மா கண்ணாடியை முழுதாக இறக்கினார். "என்ன கிடைச்சுது? எங்க? முழுசாச் சொல்லு."

"சீட்டும்மா. மூணாவது காலேஜ். மெடிக்கல். அப்பாவுக்குக் காமிச்சுட்டுத்தான் வர்றேன். ரெண்டு தடவை படிச்சார். சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டார்."

வீட்டுக்காரரே சரி என்று சொன்ன பிறகு இனி எந்தச் சந்தேகமும் இல்லை. டீச்சரம்மா ஜன்னல் வழியாகவே பெண்ணின் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அடுத்த நொடி அவருடைய கை தானாக ஹாரன் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

"போடி. நீயே போய்ச் சொல்லு."

பாப்பா கூச்சத்தோடு சிரித்துவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தாள். கணக்கு சார் முதல் கியரில் பின்னாலேயே வண்டியை உருட்டினார். கண்ணாடி இறக்கியே இருந்தது. பேக்கரி வாசலில் பாப்பா நின்று ஏதோ சொன்னாள். "எந்த பஸ்ல பாப்பா?" என்று பேக்கரிக்காரர் கேட்டது காதில் விழுந்தது.

"பஸ் இல்லண்ணே. நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்."

மூன்று வருஷமாக இதை ஊருக்கெல்லாம் சொன்னவர் டீச்சரம்மா. பாப்பா தன் வாயால் சொல்லி அவர் கேட்டதில்லை. சலூன் வாசலில் இரண்டாவது தடவை சொன்னாள், குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. காய்கறிக் கடைக்குப் போனபோது கூச்சமெல்லாம் போய்விட்டது. டீச்சரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"பின்னாடி ரெண்டு வண்டி நிக்குது டீச்சர். முன்னாடி போயிடவா?" என்று கணக்கு சார் கேட்டார்.

"இருங்க சார்" என்றார் டீச்சரம்மா. "மாடி வீட்டு அக்காகிட்டயும் சொல்லட்டும். கேட்டுட்டுப் போலாம்."